வேலைக்கும் போகிறேன், சான்றிதழும் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். 120 பேர் வேலை பார்க்கும் இடம், சம்பளம் 38,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கண் திடீரென்று மங்கலானது, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் நரம்பு நோய் என்றார்கள். அதற்குப் பிறகு இரண்டு முறை நோய் கிளம்பி அடங்கியிருக்கிறது. காலையில் நன்றாகத்தான் இருப்பேன். மதியத்துக்கு மேல் வலது கால் இழுக்கும், அசதி தாங்காது, வெயில் காலத்தில் இன்னும் மோசம். 'நரம்பில் ஏதோ பிரச்சினை' என்ற அளவுக்கு என் மேலாளருக்கு மட்டும் தெரியும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் மாதாமாதம் உதவித்தொகை வரும், விண்ணப்பி என்கிறார் கணவர். கூட வேலை பார்க்கும் அக்காவோ, அதை வாங்கினால் வேலைக்கு லாயக்கில்லை என்று நீயே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்கிறார். நடுவில் ஒருவர், பணம் கொடுத்தால் 75 சதவீதம் போட்டு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நடந்துபோய் வேலை செய்துவிட்டு வருகிற நான் இதைக் கேட்பதே ஏமாற்று இல்லையா? வேலையை விட்டால்தான் இதெல்லாம் கிடைக்குமா?

பதில்: ஏமாற்று இல்லை. வேலையையும் விட வேண்டாம். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது நீங்கள் சான்றிதழைவிட ராஜினாமாவைப் பற்றித்தான் அதிகம் யோசித்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று தோன்றியது. தொழிலாளர் வழக்குகளில் இத்தனை வருடம் உட்கார்ந்ததில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி இது. நோய் கிளம்பிய வாரத்தில், இனி நம்மால் ஆகாது என்று மனசு விட்டுப்போய், 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டீராய்டு ஏற்றி, ஒன்றரை மாதத்தில் தேறி, பிறகு என்னிடம் வந்து அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் இருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நோயாளியாக இருந்துகொண்டே வேலை பார்க்கிறவருக்குக் கிடைக்கக்கூடியவற்றை எல்லோரும் ஒரே மூட்டையாகக் கட்டி 'சலுகை' என்று சொல்லிவிடுகிறார்கள், குழப்பம் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த மூட்டையைப் பிரித்தால் உள்ளே மூன்று வெவ்வேறு சாமான்கள் இருக்கின்றன. சில, உங்கள் உடம்புக்கு என்ன பாதிப்பு என்று மட்டும் கேட்பவை. மாற்றுத்திறனாளி சான்றிதழ், வரிக்கழிவு, தீவிர நோய்க் காப்பீடு இவையெல்லாம் அந்த வகை, நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. வேறு சில, உங்களால் வேலை செய்ய முடியவில்லை என்பதை அடிப்படையாக வைத்துப் பணம் கொடுப்பவை: தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இஎஸ்ஐயில் வரும் நோய்க்கால உதவி, பிஎஃப் ஓய்வூதியத் திட்டத்தில் வரும் ஊனமுற்றோர் ஓய்வூதியம் போன்றவை. மூன்றாவது வகையில் பணமே வராது, வேலையைத் தொடர்ந்து செய்வதற்கு அலுவலகம் செய்துதர வேண்டிய ஏற்பாடுகள் அவை. வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் தவறாகிவிடும் என்ற உங்கள் பயம் இரண்டாவது வகைக்கு மட்டும்தான் பொருந்தும். அதை நீங்கள் மூன்றுக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருக்கிறீர்கள்.

முதலில் சான்றிதழ். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். பழைய 1995 சட்டத்தில் ஏழே வகை ஊனங்கள்தான் இருந்தன, புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், பார்க்கின்சன் இரண்டும் பெயர் சொல்லியே அந்தப் பட்டியலில் வருகின்றன. தமிழ்நாட்டு அரசுப் படிவங்களில் உங்கள் நோய்க்கு 'தண்டுவட மரப்பு நோய்' என்று பெயர் போட்டிருப்பார்கள், விண்ணப்பிக்கும்போது அது வேறு ஏதோ நோய் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த விஷயத்தில் உங்களுக்கு ஒரு விதத்தில் அதிர்ஷ்டம்தான். டயாலிசிஸில் இருப்பவர், புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர், இதயம் பலவீனமானவர் இவர்களெல்லாம் எவ்வளவு கஷ்டப்பட்டாலும் அந்த நோய்களின் பெயர் 21-இல் இல்லை, நோயினால் கை கால் அசைவோ பார்வையோ பட்டியலில் உள்ள வேறு ஒன்றோ பாதிக்கப்பட்டிருந்தால் அந்த வழியாகத்தான் அவர்கள் உள்ளே வர முடியும். கொடிய நோய் வேறு, சட்டம் சொல்லும் ஊனம் வேறு. இரண்டும் உங்கள் விஷயத்தில் ஒன்றாக இருக்கின்றன, எல்லோருக்கும் அப்படி இல்லை.

உங்கள் கூட வேலை பார்க்கும் அக்காவிடம் ஒன்று கேளுங்கள். இதே சட்டம் அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் இடஒதுக்கீடு கொடுக்கிறது. சான்றிதழ் வாங்கினாலே வேலைக்கு லாயக்கில்லை என்று அர்த்தமானால், அதே சான்றிதழைக் காட்டி எப்படி வேலை வாங்குகிறார்கள்? (உங்கள் நோய் அந்த ஒதுக்கீட்டுப் பிரிவுகளில் பெயர் சொல்லி வரவில்லை, அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.) உடம்பில் இன்ன பாதிப்பு, இத்தனை சதவீதம், இந்தச் சான்றிதழ் சொல்வது அவ்வளவுதான். வேலை செய்யத் தகுதி உண்டா இல்லையா என்று அதில் எங்கேயும் ஒரு வரி கிடையாது.

விண்ணப்பம் இப்போது யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கான ஸ்வாவலம்பன் இணையதளத்தில், சான்றிதழுக்கும் அட்டைக்கும் சேர்த்தே. ஆதார், புகைப்படம், மருத்துவ ஆவணங்கள் போதும். பிறகு அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு முன்னால் போக வேண்டும். 2024 அக்டோபரில் திருத்திய விதிகள் இதற்கு மூன்று மாதக் கெடு வைத்திருக்கின்றன. அட்டையின் நிறமும் இப்போது சதவீதத்தைச் சொல்லும்: 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

குழு முன்னால் போகும் நாளைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள் சதவீதத்தைத் தவற விடுவது அங்கேதான். டாக்டர் எம்ஆர்ஐ படத்தில் எத்தனை வெள்ளைப் புள்ளி இருக்கிறது என்று எண்ணி மதிப்பெண் போடுவதில்லை. உங்களால் என்ன செய்ய முடிகிறது, எது முடியவில்லை என்றுதான் பார்ப்பார். நீங்களோ காலை ஒன்பது மணிக்கு, நன்றாகத் தூங்கி எழுந்து, கௌரவமாக இருக்க வேண்டுமே என்று நேராக நடந்துபோய், எப்படி இருக்கிறீர்கள் என்றால் 'பரவாயில்லை டாக்டர்' என்பீர்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு அந்த 'பரவாயில்லை' நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ஒரு நாள் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இன்றிலிருந்து எட்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்: எத்தனை மணிக்குக் கால் இழுக்க ஆரம்பித்தது, எவ்வளவு தூரம் நடந்தபின், படியேறும்போது கைப்பிடி தேவைப்பட்டதா, எத்தனை நாள் பாதியில் வீட்டுக்கு வந்தீர்கள், கண் மறுபடி மங்கியதா, பாத்ரூம் அவசரம் உண்டா (இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் இந்த நோயில் அது சாதாரணம், சொல்ல வேண்டும்). உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டி, அதை அடிப்படையாக வைத்து ஒரு பக்கச் செயல்திறன் அறிக்கை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோய் கிளம்பிய இரண்டு தடவையின் டிஸ்சார்ஜ் சம்மரியும் கூட இருக்கட்டும்.

நோய் ஏறி இறங்கும் தன்மை உள்ளதால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தாலும் கொடுப்பார்கள். வருத்தப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள், காலாவதி தேதியை மட்டும் மறக்காதீர்கள். சதவீதம் நியாயமில்லை என்று பட்டால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

75 சதவீதம் வாங்கித் தருகிறேன் என்ற அந்த ஆசாமியின் எண்ணை இன்றைக்கே போனிலிருந்து அழித்துவிடுங்கள். இல்லாத சதவீதத்தைக் காட்டிச் சலுகை பெறுவதற்கோ பெற முயல்வதற்கோ இதே சட்டத்தின் 91-வது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மாட்டுவது அவர் இல்லை, சான்றிதழில் பெயர் உள்ளவர். அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. உங்களிடம் உண்மையான பாதிப்பு இருக்கிறது, உண்மையான ஆவணம் இருக்கிறது, அதன்மேல் ஒரு பொய்யை ஏற்றினால் நாளைக்கு எந்த அதிகாரி முன்னாலும் உண்மையையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

உண்மையான மதிப்பீட்டில் 40-க்குக் கீழே, 30 என்று வந்தால்? பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசல், அதனால் பணம் சம்பந்தப்பட்டவை கிடைக்காது. ஆனால் அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள். 2021-இல் விகாஷ் குமார் என்பவர் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள தேர்வர் அவர். தேர்வு எழுத உதவியாளர் கேட்டார், 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். அந்த 40 சதவீத அளவுகோல் சட்டம் குறிப்பிட்டுச் சொல்லும் இடங்களுக்கு மட்டும்தான், தேவையான வசதியைக் கேட்பதற்கு அது வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். உங்கள் அலுவலகத்தில் பேசப்போகும்போது இந்தத் தீர்ப்பு கையில் இருந்தால் நல்லது.

இப்போது பணம். உங்கள் கணவர் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கட்டும். வேலையில் இருக்கும் ஒருவருக்கு மாதாமாதம் கணிசமான தொகை தருகிற ஏற்பாடு நம் நாட்டில் கிட்டத்தட்ட இல்லை. வெளிநாடுகளில் இருப்பதைப் பற்றி யாராவது வீடியோ போட்டிருப்பார்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மத்திய அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ளவர்களுக்கு, அதுவும் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023-இலிருந்து மாதம் 2,000 ரூபாய், தண்டுவட மரப்பு நோய் உள்ளவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் கேட்கும்போதே 38,000 சம்பளத்தில் வேலையில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள், படிவத்திலும் அப்படியே எழுதுங்கள். தகுதி இல்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். மறைத்து வாங்கிய பணம் எந்த வருடம் திரும்பக் கேட்டு நோட்டீஸாக வரும் என்று சொல்ல முடியாது.

வருமான வரியில் 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், இத்தனை வருடமும் எல்லோரும் 80யு பிரிவு என்று சொல்லிவந்தது இதைத்தான். பழைய வரி முறையில் இருந்தால் மட்டும் இது உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் வருடச் சம்பளம் 4,56,000. இந்தச் சம்பளத்துக்கு எந்த முறையிலும் தள்ளுபடி போக வரியே வராது, அப்புறம் எதிலிருந்து கழிப்பது? நீங்கள் அவரைச் சார்ந்திருப்பதாகக் காட்டி கணவர் கழிக்கலாம் என்று யாராவது ஆடிட்டர் யோசனை சொன்னால் கேட்காதீர்கள், தனியாகச் சம்பாதிக்கிற மனைவி அந்த வரையறைக்குள் வர மாட்டார்.

இஎஸ்ஐ உங்களுக்கு இல்லை, மாதம் 21,000 வரை (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை) சம்பளம் உள்ளவர்களுக்குத்தான். ஆனால் இதைப் படிக்கிற வேறு பலருக்கு இருக்கும் என்பதால் சொல்கிறேன். சாதாரண நோய்க்கால உதவி வருடத்துக்கு 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். நீண்டகால நோய்கள் 34 கொண்ட தனிப் பட்டியல் ஒன்று உண்டு, புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன், பக்கவாதம், காசநோய் எல்லாம் அதில் வரும், அவற்றுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம், அதற்குக் குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். கவனியுங்கள், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம் கிடைக்காத சிறுநீரக நோயாளிக்கு இஎஸ்ஐயில் இடம் இருக்கிறது. ஒரு கதவு மூடியிருந்தால் எல்லாம் மூடியது என்று இருந்துவிடக் கூடாது. ஆனால் இந்தப் பணம் வேலைக்குப் போகாத நாளுக்கு மட்டும்தான். டாக்டர் ஓய்வுச் சான்று கொடுத்த நாட்களில் உட்கார்ந்து வீட்டிலிருந்தே கம்பெனி வேலையை முடித்துக் கொடுத்து அதற்குச் சம்பளமும் வாங்கினால், நீங்கள் முதலில் பயந்தீர்களே, அந்த ஏமாற்று அங்கேதான் வரும்.

பிஎஃப் பக்கம் இரண்டு விஷயம். சிகிச்சைக்காக உங்கள் கணக்கிலிருந்தே பணம் எடுக்கலாம், அதற்கும் ஊனத்துக்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று, நிரந்தரமாக, முழுமையாகச் செயலிழந்தால் ஓய்வூதியத் திட்டத்தில் பத்து வருடச் சேவை முடியாவிட்டாலும், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே, ஓய்வூதியம் உண்டு. செய்துவந்த வேலையைச் செய்யவே முடியாத நிலை என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். இது இன்றைக்கு உங்களுக்கு இல்லை, ஒருவேளை தேவைப்பட்டால் அன்றைக்கு. இதை இப்போதே கேட்டுவைப்போம் என்று யாராவது படிவம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் அக்கா பயந்தது இந்த மாதிரிக் காகிதத்துக்குத்தான் பொருந்தும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணத்துக்காக முதலில் தேடுவது பீரோவைத்தான். நோய் தெரியவருவதற்கு முன்னால் எடுத்த தீவிர நோய்க் காப்பீடு ஏதாவது, ஆயுள் பாலிசியோடு சேர்ந்த ரைடராகவாவது, இருக்கிறதா பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது வரையறைகளில் 'அறிகுறிகள் நீடிக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்' ஒன்று. எம்ஆர்ஐ முதலான பரிசோதனைகளில் உறுதியாகி, இயக்கமோ உணர்ச்சியோ சார்ந்த பாதிப்பு தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்க மாட்டார்கள், ஆஸ்பத்திரி பில்லும் கேட்க மாட்டார்கள், பாலிசித் தொகை மொத்தமாக வரும். என்னிடம் வந்த ஒருவர், வீட்டுக் கடனோடு வங்கி தலையில் கட்டிய பாலிசியை நான்கு வருடம் திட்டிக்கொண்டே பிரீமியம் கட்டியிருந்தார், அதில் இந்த நோய் இருப்பதை அவர் படித்தே பார்க்கவில்லை. உங்கள் நோட்டில் அந்த ஆறு மாதக் கணக்குக்கும் ஆதாரம் இருக்கும். விபத்துக் காப்பீட்டில் 'ஊனம்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது விபத்தினால் வருவதற்கு மட்டும்.

இனி அலுவலகம். சான்றிதழை எதற்கு வாங்கச் சொல்கிறேன் என்றால் முக்கியமாக இதற்குத்தான். உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிகளைத் திரும்பப் படியுங்கள்: மதியத்துக்கு மேல் அசதி, கால் இழுப்பு, வெயிலில் அதிகமாவது. உடல் சூடேறினால் இந்த நோயின் அறிகுறிகள் கூடும் என்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது என்ன? ஏசிக்குப் பக்கத்தில் இடம், தரைத்தளத்தில் அல்லது லிஃப்ட் உள்ள இடத்தில் இருக்கை, காலையில் ஒரு மணி நேரம் முன்னால் வந்து மாலையில் முன்னால் கிளம்புவது, மதியம் இருபது நிமிடம் படுக்க ஓர் அறை, கோடையில் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் வாரத்தில் இரவு வரை உட்கார வைக்காமல் இருப்பது. அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இதில் எதுவும் கம்பெனியை மூழ்கடிக்கிற செலவு இல்லை. நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாக இல்லாத மாற்றங்கள் என்றுதான் சட்டமும் இதை வரையறுக்கிறது, ஹெச்ஆர் ஆட்கள் 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்பார்கள்.

தனியார் நிறுவனம் என்பதால் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை நீக்கக் கூடாது, பதவி குறைக்கக் கூடாது, அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணியிடம் தர வேண்டும் என்ற, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் வலுவான 20(4) பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியாருக்கு அந்த அளவு கடிவாளம் இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டிய கடமை தனியாருக்கும் உண்டு. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் அந்தக் கொள்கையில் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கான வசதிகள், சிறப்பு விடுப்பு, இடமாற்றத்தில் முன்னுரிமை எல்லாம் இருக்க வேண்டும், இதைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமித்திருக்க வேண்டும். உங்கள் இடத்தில் 120 பேர். 'நம் நிறுவனத்தின் சம வாய்ப்புக் கொள்கையின் நகல் வேண்டும்' என்று ஹெச்ஆருக்கு ஒரு வரி மின்னஞ்சல் போடுங்கள். பல நிறுவனங்களில் அந்த மின்னஞ்சலுக்குப் பிறகுதான் அவசர அவசரமாக அதை எழுதுவார்கள், எழுதட்டுமே.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஹெச்ஆருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நோயின் முழு வரலாறும் கொடுக்க வேண்டாம், ஸ்கேன் படங்களும் வேண்டாம். என்ன பாதிப்பு, அதற்கு என்னென்ன ஏற்பாடு தேவை, அவை இருந்தால் என் வேலையை முழுமையாகச் செய்ய முடியும், இந்த மூன்று மட்டும் ஒரு பக்கத்தில், மருத்துவர் கடிதத்தை இணைத்து. மேலாளரிடம் டீ குடிக்கும்போது சொன்னதெல்லாம் கணக்கில் வராது. இதில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. சொன்னபிறகு முகம் மாறும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன், இன்க்ரிமென்ட் நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சொல்லாமல் இருப்பவருக்கு என்ன நடக்கிறது தெரியுமா? அரை நாள் விடுப்புகள் சேர்ந்துகொண்டே போகும், மதியத்துக்கு மேல் செய்த பதிவில் தப்பு வரும், எல்லாம் 'கவனக்குறைவு', 'ஒழுங்கீனம்' என்று கோப்பில் ஏறும். இரண்டு வருடம் கழித்து நீக்கும்போது கையில் மெமோக்கள் மட்டும்தான் இருக்கும், நோய் இருந்ததற்கு ஒரு தாள் இருக்காது. அந்த நேரத்தில் என்னிடம் வந்து, எனக்கு நோய் சார் என்றால், அதை அவர்களிடம் எப்போது சொன்னீர்கள் என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி.

ஆக, ஒரு நல்ல அப்ரைசல் வந்த கையோடு, வேலை சரியாகப் போய்க்கொண்டிருக்கும் மாதத்தில் சொல்லுங்கள். மெமோ வந்தபிறகு சொன்னால் சாக்காகத் தெரியும். கேட்டது மறுக்கப்பட்டால், அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அவர் பரிந்துரைதான் செய்வார், ஆனால் அந்தப் பரிந்துரை மேல் என்ன நடவடிக்கை என்று மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் பார்த்தவரை பாதிப் பிரச்சினைகள் ஆணையரின் நோட்டீஸ் போனவுடனேயே பேசி முடிந்துவிடுகின்றன, வழக்கு வரைக்கும் வருவதில்லை.

ஒருவேளை எப்போதாவது உண்மையாகவே வேலையை விட வேண்டி வந்தால், ராஜினாமாவில் 'சொந்தக் காரணம்' என்று எழுதாதீர்கள். நோயினால் இந்த வேலையைத் தொடர முடியவில்லை என்று காரணத்தை எழுதி, மருத்துவர் கடிதத்தை இணையுங்கள். ஒன்பது வருடம் ஆகிவிட்டதால் உங்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) எப்படியும் உண்டு. ஆனால் ஐந்து வருடம் முடியாதவர்களுக்கும், ஊனத்தினால் வேலை நின்றுபோனால் அந்த ஐந்து வருட நிபந்தனை கிடையாது. மூன்று வருடச் சேவையில் விலகிய ஒருவர் அந்த ஒரு வார்த்தையால் பணிக்கொடையை இழந்ததை நான் பார்த்திருக்கிறேன், இன்றும் மனசுக்கு ஆறவில்லை.

இந்த வாரம் நோட்டை ஆரம்பியுங்கள், ஞாயிற்றுக்கிழமை பீரோவில் உள்ள பாலிசித் தாள்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பிப் பாருங்கள், கம்பெனி எடுத்திருக்கும் குழுக் காப்பீட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எட்டு வாரம் முடிந்ததும் நரம்பியல் மருத்துவர், அதன்பின் ஸ்வாவலம்பன் விண்ணப்பம். குழு முன்னால் போகும் தேதி வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், மருத்துவர் எழுதிக்கொடுத்த அறிக்கையையும் அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். அன்றைக்கு முடிந்தால் காலை நேரம் கேட்காமல், மதியம் இரண்டு மணிக்கு மேல் கேளுங்கள்.